தவறு உங்களுடையதுதானா?

மாணவர்களே, உங்கள் அறிவியல் பயிற்சிப் புத்தகத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் "கவனக்குறைவு" என்று எழுதியதுண்டா? நானும் பலருக்கு எழுதியிருக்கிறேன். இப்போது அந்தச் சொல்லை எழுதுமுன் சற்றுத் தயங்குகிறேன். அதற்குக் காரணம் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்.

இரண்டாம் உலகப் போர்க்காலம். பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு விபத்துக்குள்ளாயின. ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரங்கள் மடங்கி, விமானத்தின் வயிறு தரையில் உரசும். இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடல்களை உள்ளிழுக்க நினைத்த விமானி, சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டார்! விமானியின் தவறு என்று சொல்லிக் கோப்பை மூடிவிடலாம். சப்பானிஸ் மூடவில்லை. விமானி அமரும் அறையைப் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கு ஒரு விசை, மடலுக்கு ஒரு விசை. இரண்டும் அருகருகே, ஒரே வடிவத்தில் இருந்தன. சி-47 விமானத்தில் அவை அப்படி அமையவில்லை; அதன் விமானிகளுக்கு இந்தச் சிக்கலும் இல்லை.

அவர் சொன்ன தீர்வு மிக மலிவானது. சக்கர விசையின் நுனியில் ஒரு சிறிய ரப்பர் சக்கரம். மடல் விசையின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டு. இனிக் கண் பார்க்க வேண்டியதில்லை, விரல் தொட்டாலே தெரிந்துவிடும். இன்றைய பயணிகள் விமானங்களிலும் சக்கரத்துக்கான கைப்பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது.

பிறகு சப்பானிஸ் சமையலறைக்கும் வந்தார். நான்கு அடுப்புகள் சதுரமாகவும், அவற்றின் திருகுகள் ஒரே வரிசையாகவும் இருந்தால் எந்தத் திருகு எந்த அடுப்புக்கு? 1959இல் அவரும் லிண்டன்பாம் என்பவரும் நான்கு வகை அமைப்புகளைச் சோதித்தார்கள். அடுப்புகளைச் சற்று விலக்கி, இடமிருந்து வலமாகத் திருகுகளின் வரிசைக்கே பொருந்தும்படி வைத்த அமைப்பில் ஒருவரும் ஒருமுறைகூடத் தவறவில்லை. மற்ற மூன்றிலும் தவறினார்கள். ஆனாலும் கடைகளில் பழைய அமைப்பு இன்னும் விற்கிறது. எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

"அப்படியானால் மாணவர்கள் கவனமாகவே இருக்க வேண்டாமா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த விமானிகளைவிடக் கவனமானவர்கள் யார்? உயிரையே பணயம் வைத்துப் பறந்தவர்கள். களைத்த மனிதரின் கை தவறத்தான் செய்யும். அதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்துப் பொருளைச் செய்வது வடிவமைப்பவரின் வேலை என்பதே என் கருத்து. பாட்டிக்குக் கைப்பேசிச் செயலி புரியாவிட்டால், "உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை பாட்டி" என்று சொல்லுமுன் அந்தத் திரையை ஒருமுறை நன்றாகப் பாருங்கள்.

இப்போது என் கதை. இரண்டாம் படிவ மாணவி ஒருத்தி, நடுநிலையாக்கல் சோதனையில் காரத்துக்குப் பதிலாக அமிலத்தை ஊற்றினாள். கடிந்துகொண்டேன். அவள் முகம் வாடிவிட்டது. மாலையில் அலமாரியைத் திறந்து பார்த்தேன். ஒரே அளவுப் புட்டிகள், ஒரே மூடி, நிறமற்ற இரு திரவங்கள், என் கையெழுத்தில் பொடி எழுத்துச் சீட்டு. அப்படி வைத்தவன் நான்தான்.

மறுநாள் அவளிடம் அதைச் சொன்னேன். காரப் புட்டிகளின் கழுத்தில் தடித்த ரப்பர் வளையங்களை மாட்டியவளும் அவளே.