எண்ணும் எழுத்தும்

ஆய்வேட்டின் பெருமை அதன் முடிவில் மட்டும் இல்லை. அம்முடிவைப் பிறர் சரிபார்க்க இயல்வதிலும் உள்ளது. கடன், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைக் கடந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி -0.1 விழுக்காடு என பொருளியலாளர்கள் ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் 2010இல் எழுதினர். அரசுச் செலவைக் குறைக்க விரும்பியோர் அதனைச் சான்றாகக் காட்டினர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சிக்காக அக்கணக்கை மீண்டும் செய்தார்; விடை பொருந்தவில்லை. மூலக் கணினிக் கோப்பைக் கேட்டுப் பெற்றபோது, சராசரியில் 5 நாடுகள் விடுபட்டிருந்தமை தெரிந்தது. அப்பிழையோடு பிற குறைகளையும் களைந்து, சராசரி 2.2 விழுக்காடு எனத் தம் பேராசிரியர்களுடன் 2013இல் வெளியிட்டார். நாடுகள் விடுபட்டதை முன்னவர்களும் ஒப்புக்கொண்டனர். கணக்கிடத் தெரிந்தால் போதாது. எதைச் சேர்த்தோம், எதை விடுத்தோம் என்பதை எழுதிக் காட்டுவதே ஆய்வறம்.