கூலி கொடுத்தவன் வாய்ப்பூட்டும் போடலாமா?

1948ஆம் ஆண்டு ஐப்பசியில் அமெரிக்காவின் டொனோரா என்னும் ஆலை நகரை நச்சுப் புகைமூட்டம் கவிந்தது. சில நாட்களில் 20 பேர் மாண்டனர், ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். அத்தகைய புகையிலுள்ள கந்தக அமிலம் நுரையீரலை என்ன செய்கின்றதென ஆராயும் பணி, ஹாவார்ட் சர்வகலாசாலையில் மேரி அம்டூர் என்னும் இளம் ஆராய்ச்சியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. பணம் கொடுத்ததோ உலோக உருக்காலைக் கம்பெனியொன்று! நோக்கம் யாதென நாம் விளக்க வேண்டியதில்லை.

கினிப்பன்றிகளின் மூச்சை அளந்த அம்மையார், தீங்கு உண்டெனக் கண்டார். 1953இல் பாஸ்டன் மகாநாட்டில் அதனை ஒளியாது உரைத்தார். கட்டுரையை மீளப் பெறுமாறு மேலிடம் பணித்தது. மறுத்தார்; உத்தியோகம் பறிபோயிற்று. நச்சியல் அறிஞர் சங்கம் அவருக்கு விருதளித்தது 1997இல். மறு ஆண்டே அவர் மறைந்தார்.

விறகடுப்பின் முன் இருமும் தாய்க்காகவும், மருந்தடிக்கும் கமக்காரனுக்காகவும் எமது பட்டதாரி மாணவர் நாளை காற்றை அளக்கட்டும். ஆனால், முடிவு எதுவாயினும் அதனை வெளியிடும் உரிமை மாணவனுக்கே உண்டென்று, பிறர் பணத்தைத் தொடுமுன் எமது சர்வகலாசாலைகள் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறோம்.