கூமுட்டைக்கு இடி காரணமா?

கோழி அடைகாப்பதைப் பற்றி ஒரு சுயமரியாதைப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சில தோழர்கள் நினைக்கக்கூடும். சாமியைப் பற்றியும், சாதியைப் பற்றியும், புரோகிதத்தைப் பற்றியும் எழுத வேண்டிய இடத்தில் கோழிக்கூடைக்கு என்ன வேலை என்றும் கேட்கலாம். ஆனால் மூடநம்பிக்கை என்பது கோயிலில் மாத்திரம் குடியிருப்பதல்ல. அடுப்படியிலும், மாட்டுக் கொட்டகையிலும், புறக்கடைக் கோழிக்கூட்டிலும் இருந்துகொண்டுதான் அது தினந்தோறும் நம்மைத் தின்கின்றது. கோயிலுக்கு வருஷத்தில் நான்கு நாள் போகிறவர்கள்கூடக் கோழிக்கூட்டுக்குத் தினம் இரண்டு வேளை போகிறார்கள். ஆகவே அங்கேயும் நாம் கொஞ்சம் எட்டிப் பார்ப்பதில் தவறில்லை.

நாட்டுக்கோழி 12 முட்டை, 15 முட்டை என்று இட்டு முடித்ததும், ஒருநாள் கூட்டை விட்டு இறங்காமல் உட்கார்ந்துகொள்ளும். கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கேறும். கையை நீட்டினால் கொத்தும். அடைக்கு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளுகிறோம். உடனே என்ன செய்கிறோம்? நாள் பார்க்கிறோம், கிழமை பார்க்கிறோம். முட்டையை ஒற்றைப்படையாக எண்ணுகிறோம். கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, முட்டையை அடுக்கி, ஓரத்தில் ஒரு இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, நாலு மிளகாய் வற்றல் இவைகளையும் சொருகி வைக்கிறோம். ஏன் என்று கேட்டால், இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும், இரும்பும் கரியும் இருந்தால் கெடாது என்று பதில் வருகின்றது. சில வீடுகளில், தீட்டுக்காரப் பெண் அந்தக் கூடைப் பக்கமே போகக் கூடாது என்கிற சட்டமும் உண்டு.

இவ்வளவும் செய்து 21 நாள் கழித்துப் பார்த்தால், 12 முட்டையில் 6 முட்டை கூமுட்டையாய்க் கிடக்கின்றது. இரும்பு இருந்ததே, கரி இருந்ததே, பின் ஏன் கெட்டது என்று கேளுங்கள். "இந்த வருஷம் இடி பலம்" என்பார்கள். அல்லது "எவர் கண் பட்டதோ" என்பார்கள். அத்தனையும் பொரித்துவிட்டாலோ, "பார்த்தாயா இரும்பின் மகிமையை" என்பார்கள். பொரித்தால் இரும்புக்குப் பெருமை. பொரிக்காவிட்டால் இரும்புக்குக் குற்றமில்லை! நோய் தீர்ந்தால் சாமி தீர்த்தது, தீராவிட்டால் நம் தலைவிதி என்று கோயிலுக்குக் கொடுத்திருக்கிற அதே சலுகையைத்தான் ஒரு துருப்பிடித்த ஆணிக்கும் கொடுத்திருக்கிறோம்.

சரி, முட்டை கெடுவதற்கு உண்மையில் என்ன காரணம்? முதலாவது, சேவல் சேராத முட்டை எந்தக் காலத்திலும் பொரிக்காது. நாமக்கல் பண்ணைகளிலிருந்து கடைக்கு வருகிற முட்டையை அடைவைத்துவிட்டு, கோழி சரியில்லை என்று பழி சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பண்ணைக் கூண்டுகளில் சேவலே கிடையாது. பிறகு குஞ்சு எங்கிருந்து வரும்?

இரண்டாவது காரணந்தான் முக்கியமானது. கோழியின் வயிற்றுக்குள்ளேயே வளரத் தொடங்கிவிடுகிற கரு, முட்டை வெளியே வந்து ஆறியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு உறங்கிக் கிடக்கும். அடைச்சூடு, அதாவது சுமார் 37½ டிகிரி சென்டிகிரேடு, இடைவிடாமல் கிடைத்தால்தான் மறுபடி எழுந்து ஒழுங்காக வளரும். சித்திரை, வைகாசியில் நமது ஓட்டு வீட்டுக்குள்ளும், தகரக் கொட்டகைக்குள்ளும் என்ன சூடு இருக்கின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சூடு கருவை உறங்கவும் விடுவதில்லை, முழுக்க வளர்ப்பதுமில்லை. அரைகுறையாய் எழுப்பிக் கொன்றுவிடுகின்றது. நாட்டுக்கோழி தினம் ஒரு முட்டை தவறாமல் இடுவதுமில்லை. ஆகவே பதினைந்தாவது முட்டை விழுகிறபோது முதல் முட்டைக்கு வயது மூன்று வாரம் ஆகிவிடும். அதையும் இதையும் ஒன்றாய்ச் சேர்த்து அடைவைத்தால், பழையது கெடாமல் என்ன செய்யும்?

இப்பொழுது இடியின் ரகசியத்தைப் பாருங்கள். நம் பக்கத்தில் கோடை இடியும் மழையும் எந்த மாதத்தில் வருகின்றன? அதே சித்திரை, வைகாசியில்தான். வெயில் முட்டையைக் கெடுத்தது. இடி சத்தம் போட்டது. நாம் சத்தம் போட்டவன்மேல் குற்றத்தைச் சுமத்திவிட்டோம். நம் முன்னோர்கள் முட்டாள்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கோடையில் முட்டை அதிகம் கெடுவதை அவர்கள் கண்ணால் கண்டார்கள். கண்டது மெய், கற்பித்த காரணந்தான் பொய். அந்தப் பொய்யை இன்னமும் நாம் தூக்கிக்கொண்டு திரிவதால் வருகிற நஷ்டம் என்னவென்றால், பழி இடியின் மேல் இருக்கிற வரையில் ஒருவரும் முட்டையின் வயதைப் பார்க்கப்போவதில்லை.

பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதையும் சொல்லுகிறேன். கிரேக்க நாட்டில் சுமார் 2,300 வருஷங்களுக்கு முன்பே அரிஸ்டாட்டில் என்பவர், மூன்று நாள் அடைகாத்த முட்டைக்குள் இருதயம் ஒரு இரத்தப் பொட்டுப்போல் துடிப்பதைக் கண்டு எழுதிவைத்தார். எகிப்து நாட்டார் கோழியே இல்லாமல், மண்ணால் கட்டிய அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பழங்காலத்திலேயே பொரித்தார்கள். 1935இல் அமெரிக்காவில் ஆஸ்கர் ரிடில் என்பவரும் அவர் கூட்டாளிகளும், மூளையின் அடியிலுள்ள ஒரு சுரப்பியிலிருந்து வருகிற புரோலாக்டின் என்னும் சுரப்பு நீரைக் கோழிக்குச் செலுத்தி, அதை அடைக்கு உட்காரவைத்துக் காட்டினார்கள். தாய்மார்களுக்குப் பால் சுரப்பதற்கும் அதே நீர்தான் வேண்டும். இதில் பேயும் இல்லை, பிடிவாதமும் இல்லை. கோழியின் உடல் செய்கிற வேலை, அவ்வளவுதான்.

நிற்க, குஞ்சு வேண்டாம், முட்டைதான் வேண்டும் என்கிற வீட்டில் இந்த அடைக்கோழி படுகிற பாட்டைச் சொல்லி முடியாது. தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள். மூக்குத் துவாரத்தில் இறகைக் குத்தி விடுகிறார்கள். காலைக் கட்டிப் பட்டினி போடுகிறார்கள். தாய்மையைத் தெய்வம் என்று மேடையில் பேசுகிற நாட்டில், அடைக்கு வந்த ஒரு தாய்க்கு நடக்கிற மரியாதை இது! கொடுமை ஒருபுறமிருக்க, இதனால் லாபமாவது உண்டா? பட்டினி கிடந்த உடம்பில் முட்டை எங்கிருந்து ஊறும்? மழைநாளில் முக்கிய கோழிக்குக் குளிர்தான் மிச்சம்.

செய்ய வேண்டியது சுலபமானது. அடைக்கோழியின் அடிவயிற்றில் முட்டையும் கூடும் படுகிற கதகதப்புத்தான் அந்தச் சுரப்பை நீடிக்க வைக்கின்றது. ஆகவே அந்த இடத்தில் காற்றுப் பட வேண்டும். கம்பி வலையிலோ, இடைவெளி விட்டுக் கட்டிய மூங்கில் சட்டத்திலோ அடித்தளம் போட்ட ஒரு கூண்டைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். உள்ளே வைக்கோல் வேண்டாம். தீனியும் தண்ணீரும் தாராளமாய் வேண்டும். பெரும்பாலும் மூன்று, நான்கு நாளில் அடை தெளிந்துவிடும். இல்லாவிட்டால் இன்னும் இரண்டு நாள் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி முட்டைக்கு வரும். முட்டையைத் தினம் எடுத்துவிட்டால் அடைக்கு உட்காருவதே தள்ளிப்போகும்.

குஞ்சு வேண்டுகிறவர்கள் 10 அல்லது 12 முட்டைக்கு மேல் வைக்க வேண்டாம். இறகுக்கு வெளியே நிற்கிற முட்டை வீண். வெயில் காலத்தில் நாலைந்து நாளுக்கு மேற்பட்டதையும், மற்றக் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளுக்கு மேற்பட்டதையும் கழித்து விடுங்கள். அடைவைக்கும்வரை முட்டையைக் குளிர்ந்த இடத்தில் கூர்முனை கீழாக வையுங்கள். கோழிக்குப் பேனும் செள்ளும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தினம் ஒருதரம் அது இறங்கித் தின்று, எச்சமிட்டு, மண்ணில் புரண்டு வரட்டும். ஏழாவது நாள் இருட்டறையில் டார்ச்சு விளக்கைப் பிடித்துப் பார்த்தால், கருவுள்ள முட்டையில் சிலந்தி வலைபோல் இரத்த நரம்பு தெரியும். ஒன்றும் தெரியாத முட்டையை எடுத்துவிடலாம். 18ஆம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடாதீர்கள்.

இது பெண்களின் காரியமுமாகும். செங்கற்பட்டு சுயமரியாதை மாகாண மாநாடு 1929இல் பெண்களுக்குச் சொத்தில் சமபங்கு கேட்டது. அது நமது மாகாணத்தில் இந்துக்களுக்குச் சட்டமாவதற்கு 1989 ஆயிற்று. அதுவரையிலும், ஏன் இன்றைக்கும்கூட, எத்தனையோ குடிசைகளில் ஒரு பெண் யாரையும் கேட்காமல் விற்றுக் காசாக்கக்கூடிய பொருள் கோழியும் முட்டையுந்தான். பிள்ளையின் நோட்டுப் புத்தகமும், அவசரத்துக்கு மருந்தும் அந்தக் காசில்தான் வருகின்றன. கெட்டுப்போகிற 6 முட்டை அவளுடைய முடிச்சிலிருந்து போகிற காசு. அவளையே தீட்டு என்று கூடைப் பக்கம் விடாமல் தள்ளிவைத்தால், கோழிக்குத் தண்ணீர் வைப்பவர் யார்? அந்தக் கோழியே ஒரு பெண் என்பது இவர்களுக்கு ஞாபகமில்லையா?

அடைக்கோழியின் அடியில் முட்டைக்குப் பதிலாக ஒரு உருண்டைக் கல்லை வைத்தாலும் அது கிடக்கும். 21 நாள் தாண்டியும் கிடக்கும். இரை எடுக்காமல், உடல் மெலிந்து கிடக்கும். அதைக் குறை சொல்ல நமக்குப் பாத்தியமில்லை; அதற்குப் பகுத்தறிவு இல்லை. ஆனால் பகுத்தறிவுள்ள மனிதன் கல்லுக்குமுன் தலைமுறை தலைமுறையாய்க் காத்துக்கிடந்து, இன்னமும் ஏன் பொரிக்கவில்லை என்று கேளாமலிருக்கிறானே, அதற்கு என்ன சொல்லுவது?

தோழர்களே! கூடையில் இருக்கிற இரும்பை எடுத்துக் கொல்லனிடம் கொடுங்கள். மிளகாயைக் குழம்பில் போடுங்கள். கரித்துண்டை மாத்திரம் எறிந்துவிடாதீர்கள். கோழி முட்டையிட்ட அன்றைக்கே அந்தக் கரியால் முட்டையின்மேல் தேதியை எழுதுங்கள். கரியால் கோழிக்கு ஆகக்கூடிய நன்மை அது ஒன்றுதான்.