பிஸ்டல் வாங்கப் போறீங்களா பாஸ்?

போன வாரம் கேன்டீன்ல ஒரு ஜூனியர் பையன் பக்கத்துல வந்து உட்கார்ந்தான். ரகசியக் குரல்ல, "அக்கா, கம்மி விலையில நல்ல துப்பாக்கி எது?"ன்னு கேட்டான். பக்கத்து டேபிள்ல சமோசா சாப்பிட்டுக்கிட்டிருந்த ஹெச்.ஓ.டி. திரும்பிப் பார்த்த பார்வை இருக்கே... அப்பப்பா!

பயப்படாதீங்க சார். அவன் கேட்டது 10 மீட்டர் ஏர் பிஸ்டல். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் தனியா ஒண்ணு, சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து ஒண்ணுன்னு ரெண்டு வெண்கலம் வாங்கினாங்களே, அந்த விளையாட்டுக்கான துப்பாக்கி. அதைப் பார்த்துட்டு ரைஃபிள் கிளப் வாசலை மிதிச்சவங்கள்ல நானும் ஒருத்தி. ட்யூஷன் எடுத்து ஆறு மாசம் சேர்த்த காசை ஒரே நாள்ல கோட்டை விட்டவளும் நான்தான். ஸோ, அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிடறேன்.

முதல்ல சட்டம். 2016 ஆயுத விதிகள்படி, .177 கேலிபரையும் 20 ஜூல் சக்தியையும் தாண்டாத ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டிக்கான ஏர் பிஸ்டல் எல்லாம் இதுக்குள்ளதான் அடங்கும். ஆனா லைசென்ஸ் வேண்டாம்கிறதால அது பொம்மை ஆகிடாது. ஹாஸ்டலுக்கு எடுத்துட்டு வந்து கெத்து காட்டற வேலையெல்லாம் வேண்டாம். பெட்டியில பூட்டி, வீடு விட்டா ரேஞ்ச், ரேஞ்ச் விட்டா வீடு. அவ்வளவுதான்!

இப்ப என் கதை. நான் வாங்கினது சாதாரண ஸ்பிரிங் பிஸ்டல். பார்க்க கறுப்பா, கம்பீரமா இருந்துச்சு. ரேஞ்சுக்குக் கொண்டுபோய் கோச் சார்கிட்ட பெருமையா நீட்டினேன். கையில வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தார். "யாரைக் கேட்டும்மா வாங்கினே?"ன்னார். அன்னிக்கு அதுல 60 ஷாட் அடிச்சேன். 600-க்கு 412. மறுநாள் கிளப்போட பழைய பிஸ்டலைக் கொடுத்தார். பிடியில பாலிஷ் போய், பார்க்கவே பாவமா இருக்கும். அதுல 468! ஒரே ராத்திரியில நான் மனு பாக்கர் ஆகிடலை. வித்தியாசம் மொத்தமும் துப்பாக்கியிலதான்.

ஏன்? மெக்கானிக்கல் படிக்கிறவங்களுக்கு இது ஈஸி. ஸ்பிரிங் விரியும், பிஸ்டன் பாயும். குண்டு பேரலை விட்டு வெளியே வர்றதுக்குள்ளயே துப்பாக்கி குலுங்கிடும். இன்னொரு கொடுமை, இதுல குண்டில்லாம சும்மா சுட்டுப் பார்க்கக் கூடாது. பிஸ்டன் முட்டி உள்பாகம் கெட்டுப்போகும். ஆனா இந்த விளையாட்டுல பாதிப் பயிற்சியே வீட்டுச் சுவரைப் பார்த்துக் குண்டில்லாம சுடறதுதான். பைசா செலவில்லாத அந்தப் பயிற்சியே எனக்குக் கட்!

அடுத்தது டிரிக்கர். விதிப்படி அது குறைஞ்சது 500 கிராம் எடையைத் தாங்கணும். அரை லிட்டர் ஆவின் பால் பாக்கெட்டை விரல்ல தொங்க விட்டுப் பாருங்க, அவ்வளவுதான். நல்ல பிஸ்டல்ல டிரிக்கரை அந்த அளவுக்குப் பக்கத்துல வச்சுக்கலாம். என்னோடதை அழுத்தறதுக்குள்ள கையே ஆடிடும்.

மூணாவது, குறிபார்க்கிற முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் உள்ள தூரம். பத்தாம் கிளாஸ் ஒத்த முக்கோணம் ஞாபகம் இருக்கா? அந்தத் தூரம் 32 செ.மீ. இருந்து, முன் சைட் 1 மி.மீ. விலகினா, 10 மீட்டர்ல குண்டு சுமார் 31 மி.மீ. தள்ளிப் போகும். ஸ்கோர் 7. அதுவே 20 செ.மீ. குட்டை பிஸ்டல்னா 50 மி.மீ. விலகல். ஸ்கோர் 4. கை பண்ணின தப்பு ஒண்ணுதான், தண்டனைதான் ரெண்டு விதம். பத்து பாயின்ட் வட்டத்தோட அகலமே 11.5 மி.மீ.தான், பார்த்துக்குங்க!

அப்ப எதை வாங்கறது? போட்டியில பெரும்பாலும் பார்க்கிறது, சிலிண்டர்ல அழுத்தின காற்றை அடைச்சு வச்சிருக்கிற பிஸ்டல். குலுங்காது, சும்மா சுட்டும் பழகலாம். புதுசுன்னா லட்சத்தைத் தாண்டும். அதுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் லீவரை ஒரு தடவை இழுத்து மூடிக் காற்றை அழுத்தற வகை. ரஷ்யாவோட இஷ் 46எம் இந்த ரகத்துல பேர் வாங்கினது. சிலிண்டர் கிடையாது, காற்று நிரப்ப அலைய வேண்டாம். ஆனா 60 ஷாட்டுக்கு 60 இழுப்பு. ஜிம் ஃபீஸ் மிச்சம்!

பழசு வாங்கறதும் நல்ல வழிதான். சீனியர்ஸ் புது மாடலுக்கு மாறும்போது கிளப்லயே கிடைக்கும். ஆனா நாலு விஷயம் பார்க்கணும். ஒண்ணு, சிலிண்டர் மேல பொறிச்ச தேதி. அதோட ஆயுள் 10 வருஷம், தேதி தாண்டினதைப் போட்டியில விடமாட்டாங்க. ரெண்டு, காற்று நிரப்பி ராத்திரி முழுக்க வச்சுப் பாருங்க. காலையில முள் இறங்கியிருந்தா எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். மூணு, பிடி உங்க கைக்குப் பொருந்துதா? இடது கை, வலது கை, சின்னது, பெரிசுன்னு பிடியில தனித்தனி அளவு உண்டு. கொஞ்சம்தான் பொருந்தலைன்னா உப்புத்தாளும் மரப்பட்டியும் போதும். நாலு, டிரிக்கரை நீங்களே பத்து தடவை அழுத்திப் பாருங்க. பளபளப்பைப் பார்த்து மயங்கினா, என் கதைதான் உங்களுக்கும்.

இதையெல்லாம் ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது வீட்டுல உளறிட்டேன். அப்பா சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, "ஆபீஸ்ல லோன் போட்டுக்கலாம்மா, நல்லதாவே வாங்கிக்கோ"ன்னார். தம்பிக்கு அடுத்த வருஷம் காலேஜ் ஃபீஸ் கட்டணும். அம்மா ஒண்ணும் பேசலை, ரசத்தை மட்டும் இன்னொரு கரண்டி ஊத்தினாங்க. எனக்குத் தொண்டையில இறங்கவே இல்லை.

மறுநாள் கோச் சார்கிட்ட சொன்னேன். "கிளப் பிஸ்டல்லயே அஞ்சு தடவை தொடர்ந்து 540 அடி. அப்புறம் லோனைப் பத்திப் பேசலாம். அதுவரைக்கும் துப்பாக்கி உன்னைப் பிடிச்சு இழுக்கலை, நீதான் அதை இழுக்கறே"ன்னார். யோசிச்சுப் பார்த்தேன். 2021 டோக்கியோவில் மனு பாக்கர் கையில இருந்தது உலகத்தரமான பிஸ்டல். அதுவே நடுப் போட்டியில மக்கர் பண்ணிச்சு. நிமிஷங்கள் பறந்து, 575 அடிச்சும் ரெண்டு பாயின்ட்ல ஃபைனல் போச்சு. மூணு வருஷம் கழிச்சு மெடலோட வந்தது அந்தக் கைதான்.

ஸோ, ஜூனியருக்கு நான் சொன்ன பதில்: "கம்மி விலையில நல்ல துப்பாக்கி, கிளப் அலமாரியில இருக்கிறதுதான். ஆறு மாசம் அதுல சுடு. குண்டுக்கு மட்டும் செலவு பண்ணு." தட்டைத் தலை குண்டா வாங்கச் சொன்னேன். அட்டையில ஓட்டை வட்டமா விழும், ஸ்கோர் எண்றதுல சண்டை வராது.

அப்பாகிட்டயும் லோன் இப்ப வேண்டாம்னு சொல்லிட்டேன். "ஏம்மா?"ன்னார். "540 வரட்டும்ப்பா"ன்னேன். போன ஞாயித்துக்கிழமை அடிச்சது 521. அந்த ஸ்கோர் அட்டை இப்ப எங்க வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு. ஒட்டினது நான் இல்லை, அம்மா!