பத்தாண்டுப் பெட்டிக்கு யாருடைய லினக்ஸ்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது. அதன் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் கட்டாயம். மென்பொருள் ஓடும் பொருளை அங்கே விற்பவர், பொதுவாக ஐந்தாண்டுக்குக் குறையாமல் பாதுகாப்புத் திருத்தங்களைத் தந்தாக வேண்டும். கோவையிலிருந்து அனுப்பினாலும் சென்னையிலிருந்து அனுப்பினாலும் இதே விதிதான். இதைப் பற்றிப் பேச்செடுத்தால் தயாரிப்பாளர் பலரிடமிருந்து ஒரே பதில் வருகிறது: “நாங்க லினக்ஸ்தான் போட்டிருக்கோம், பிரச்சினை இல்லை.” இந்த அலட்சியம்தான் என்னை எழுத வைக்கிறது. எந்த லினக்ஸ்? அதைப் பராமரிப்பது யார்? எத்தனை ஆண்டுக்கு?

நான் பேசுவது மேசைக் கணினியைப் பற்றி இல்லை. சுங்கச்சாவடி, துணை மின்நிலையம், தொழிற்சாலைத் தளம் போன்ற இடங்களில் சுவரோரமாகப் பொருத்தப்படும் மின்விசிறி இல்லாத சின்ன செர்வரைப் பற்றி. முன்பு மூன்று கணினிகள் செய்த வேலையை இன்று அது ஒன்றே செய்கிறது. அடியில் ஒரு லினக்ஸ். அதன் மேல், ஒரே கணினியைப் பலவாகப் பிரிக்கும் கேவிஎம் ஹைப்பர்வைசர். அதற்கும் மேலே மூன்று மெய்நிகர் இயந்திரங்கள். ஒன்று கேமராப் பதிவைச் சேமிக்கும், ஒன்று பில் போடும், ஒன்று வலையமைப்பைக் காவல் காக்கும். மேலே இருப்பவற்றை அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே மாற்றிவிடலாம். அடியில் இருப்பதை மாற்ற ஆள் நேரில் போக வேண்டும், மூன்று வேலையையும் நிறுத்த வேண்டும். அதனால் யாரும் அதைத் தொடுவதில்லை. எட்டாண்டு, பத்தாண்டு அப்படியே ஓடுகிறது. அடியில் ஓட்டை விழுந்தால் மேலே உள்ள மூன்றும் சேர்ந்தே போகும். எனவே அடித்தளத்துக்கு லினக்ஸ் வழங்கலை (டிஸ்ட்ரிபியூஷன்) தேர்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது வேகத்தையும் அளவையும் இல்லை. அதன் ஆயுளையும், அந்த ஆயுள் யார் கையில் இருக்கிறது என்பதையும்.

இங்கே இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 116, 27. சென்ட்ஓஎஸ் 8 வழங்கல் 2019 செப்டம்பர் 24 அன்று வெளியானது. 2029 மே வரை திருத்தங்கள் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதாவது 116 மாதங்கள். அதை நம்பி உலகெங்கும் செர்வர்களில் நிறுவினார்கள். 2020 டிசம்பர் 8 அன்று ஓர் அறிவிப்பு வந்தது: 2021 டிசம்பர் 31-உடன் சென்ட்ஓஎஸ் 8 முடிகிறது. கிடைத்தது 27 மாதங்கள். சொன்னதில் கால் பங்குகூட இல்லை. அதற்கு முந்தைய சென்ட்ஓஎஸ் 7 பதிப்போ 2024 ஜூன் வரை தன் பத்தாண்டையும் முழுமையாக வாழ்ந்தது. பழையதை வைத்திருந்தவர் தப்பித்தார். புதியதை நம்பி மாறியவர் மாட்டிக்கொண்டார். பொறியியலில் இதற்குக் காரணம் தேடினால் கிடைக்காது. சென்ட்ஓஎஸ் ரெட் ஹேட் கையில் இருந்தது; ரெட் ஹேட்டை 3,400 கோடி டாலர் கொடுத்து ஐபிஎம் 2019 ஜூலையில் வாங்கியிருந்தது. காரணத்தை அந்த உடைமையில்தான் தேட வேண்டும்.

களத்தில் இதன் விளைவு எப்படித் தெரிந்தது? 2022 பிப்ரவரியில் சென்ட்ஓஎஸ் 8 ஓடும் ஒரு பெட்டியில் அப்டேட் கட்டளை கொடுத்தவருக்கு, ‘ஆப்ஸ்ட்ரீம்’ களஞ்சியத்தின் விவரக் கோப்பைப் பதிவிறக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. கோப்புகளையெல்லாம் பிரதித் தளங்களிலிருந்து (மிரர்) எடுத்துக் காப்பகத்துக்கு மாற்றிவிட்டார்கள். முகவரியைக் கையால் திருத்தினால் பழைய கோப்புகள் கிடைக்கும். புதிய திருத்தம் ஒன்றுகூடக் கிடைக்காது. பெட்டியோ வழக்கம்போல ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிறதே என்பதால் யாரும் கவலைப்படவும் மாட்டார்கள். ஆபத்தே அங்குதான்.

தமிழ்நாட்டுக்கும் இதில் அனுபவம் உண்டு. 2007 வாக்கில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் தலைமையில், அரசுக் கணினிகளுக்கு சூசே லினக்ஸைத் தேர்ந்தது. விண்டோஸைவிட்டு விலகத் துணிந்ததற்காக அதை இன்றும் பாராட்ட வேண்டும். ஆனால் அப்போது நோவெல் வசமிருந்த சூசே, 2011-இல் அட்டாச்மேட்டுக்குப் போனது; 2014-இல் மைக்ரோ ஃபோகஸுக்கு; 2019-இல் ஈக்யூடி என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு. எட்டாண்டில் மூன்று கை மாற்றம். மூலநிரல் திறந்திருந்தது, உரிமையாளர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார். அடுத்தவர் நிலத்தில் வீடு கட்டினால், நிலம் விற்கப்படும் நாளில் நம்மைக் கேட்க மாட்டார்கள்.

இதற்கு மாற்று ஒன்று 1993-இலிருந்தே இருக்கிறது. டெபியனை எந்த நிறுவனமும் வாங்க முடியாது. விற்க அங்கே உரிமையாளர் இல்லை. அதற்கு 1997-இல் எழுதிய சமூக ஒப்பந்தம் உண்டு. எழுதப்பட்ட அமைப்புச் சட்டம் உண்டு. ஆண்டுதோறும் தலைவரைத் தேர்தலில் தேர்கிறார்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் மூன்றாண்டு முழுப் பராமரிப்பு, அதன்பின் இரண்டாண்டு நீட்டிப்பு. 2025 ஆகஸ்டில் வந்த டிரிக்ஸி பதிப்பு 2030 வரை வரும். அதற்கு மேலும் வேண்டுமென்றால், பத்தாண்டு வரை பணம் கொடுத்துத் திருத்தம் பெறும் வழியும் இருக்கிறது. 2038-இல் 32 பிட் கணினிகளின் கடிகாரம் நிரம்பிவிடும் சிக்கலைப் பலர் இன்னும் நினைத்தே பார்க்கவில்லை. டிரிக்ஸியில் 32 பிட் ஆர்ம் பெட்டிகளுக்கு அந்த மாற்றம் செய்து முடிக்கப்பட்டுவிட்டது. நீண்ட நாள் ஓடும் பெட்டியை மனதில் வைத்து வேலை செய்கிறவர்களின் அடையாளம் இது.

மறுப்புகள் தெரியாமல் இல்லை. “ரெட் ஹேட் என்றால் கூப்பிட ஒரு எண் இருக்கிறது” என்பார்கள். 27 மாதத்தில் கைவிடப்பட்டவர்கள் எந்த எண்ணைக் கூப்பிட்டார்கள்? சென்ட்ஓஎஸ் இடத்தை நிரப்ப வந்த அல்மா, ராக்கி இருக்கின்றனவே என்பார்கள். 2023 ஜூனில் ரெட் ஹேட் மூலநிரலைப் பொதுவில் தருவதைச் சுருக்கியதும் அவை இரண்டும் வேறு வழி தேடி அலைந்ததைப் பார்த்தோம். ஆல்பைன் சின்னது, சில மெகாபைட்டில் அடங்கும் என்பார்கள். அதன் ஒரு பதிப்புக்கு ஆதரவு இரண்டே ஆண்டு. ஐந்தாண்டுச் சட்டத்துக்கு அதை வைத்து என்ன செய்வது? யோக்டோவில் நமக்கு வேண்டியபடி நாமே கட்டிக்கொள்ளலாம் என்பவர்களுக்கு, அதன் நீண்டகாலப் பதிப்புக்கும் நான்காண்டுதான். பிறகு ஒவ்வொரு ஓட்டையையும் நீங்களே அடைக்க வேண்டும். அதற்கு ஆள் வைத்திருக்கிறீர்களா?

“டெபியன் பழசு” என்ற குற்றச்சாட்டுதான் எல்லாவற்றிலும் மோசம். 2024 மார்ச் 29-ஐ நினைவுபடுத்துகிறேன். எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். புதியதை உடனுக்குடன் எடுத்துக்கொண்ட ஓப்பன்சூசே டம்பிள்வீடுக்குள்ளும் ஃபெடோராவின் சோதனைப் பதிப்புக்குள்ளும் அது நுழைந்துவிட்டது. டெபியனின் சோதனைக் கிளைக்குள்ளும் வந்தது. நிலையான பதிப்புக்குள் வரவில்லை. பழசு என்று பழிக்கப்பட்ட அந்தப் பொறுமைதான் செர்வர்களைக் காப்பாற்றியது.

விவரம் தெரிந்தவர்கள் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். மெய்நிகர் இயந்திர மென்பொருள் நிறுவனமான விஎம்வேரை பிராட்காம் வாங்கி நிரந்தர உரிமங்களை நிறுத்திய பிறகு பலரும் மாற்றாகத் தேடிப் போன பிராக்ஸ்மாக்ஸ், டெபியன் மீது கட்டியது. சீமென்ஸ், தோஷிபா, ஹிட்டாச்சி ஆகியவை பங்கேற்க 2016-இல் தொடங்கிய சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம், மின்நிலையம், ரயில் போன்றவற்றுக்குப் பத்தாண்டு ஆதரவுள்ள கர்னலைத் தருகிறது. அதற்கும் டெபியன் பொதிகளே அடிப்படை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே.

ஆகவே நம் அரசுத் துறைகள் டெண்டரில் “திறமூலமாக இருக்க வேண்டும்” என்று எழுதுவதோடு நின்றால் போதாது. அந்தச் சொல்லை நம்பியவர்கள்தான் 2021-இல் கைவிடப்பட்டார்கள். சமூகத்துக்கு உரிமையான வழங்கல் மட்டுமே ஏற்கப்படும், அதற்கு எழுதப்பட்ட ஆதரவுக் காலம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வர வேண்டும். மக்கள் பணத்தில் வாங்கும் எந்தப் பெட்டியிலும் தனியொரு நிறுவனம் நினைத்தால் முடித்துவிடக்கூடிய வழங்கலுக்கு இடம் தரக் கூடாது. விலை குறைவு, ஆதரவு ஒப்பந்தம் என்று எதைக் காட்டினாலும் தகுதி நீக்கம் செய்ய வேண்டும். மின்சாரத்தையும் போக்குவரத்தையும் இயக்கும் இயந்திரங்களின் ஆயுளை ஒரு நிறுவனத்தின் காலாண்டுக் கணக்கிடம் விட்டுவைப்பது, அரசு தன் பொறுப்பைக் கைகழுவுவதற்குச் சமம்.