எதுவுமில்லைன்னு ஒரு டீஃபால்ட்டு

போன வாரம் ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதினேன். என் பழைய பதிவுகளையெல்லாம் டெக்ஸ்ட் ஃபைலா சேமிச்சு வெச்சிருக்கேன். அதுல எந்த வார்த்தையைப் போட்டு எத்தனை தடவை அறுத்திருக்கேன்னு எண்ணிச் சொல்லும். ('மொக்கை'க்குத்தான் முதலிடம், ஹிஹி.) என் லினக்ஸ்ல ஜோரா ஓடிச்சு. நண்பருக்கு அனுப்பினேன். அவர் விண்டோஸ்ல ஃபைலைப் படிக்கும்போதே படுத்துடுச்சு. "என்னய்யா அனுப்பியிருக்கீர்?"னு உடனே ஃபோன்.

ஃபைலைத் திறக்கிற 'ஓப்பன்' ஃபங்ஷனுக்கு என்கோடிங் எதுன்னு நான் சொல்லலை. சொல்லாட்டி அது எதை எடுத்துக்கும்? ரெண்டு மெஷின்லயும் பைத்தான் 3.12. ரெண்டுலயும் ஹெல்ப் போட்டுப் பார்த்தோம். ஒரே பதில்: 'என்கோடிங் = நன்'. அதாவது, எதுவுமில்லை!

ஆனா நிஜத்துல என்கிட்ட யுடிஎஃப்-8, அவர்கிட்ட சிபி1252. இந்த சிபி1252-ல 8டி-ங்கிற பைட்டுக்கு எழுத்தே கிடையாது. யுடிஎஃப்-8-ல நம்ம மெய்யெழுத்துப் புள்ளியோட கடைசி பைட்டு அதேதான். ஒரு 'க்' வந்தாப் போதும், கதை முடிஞ்சது. திஸ்கி காலத்துல பட்ட பாடெல்லாம் ஞாபகம் வந்துச்சு மக்களே.

"மெஷினைப் பொறுத்து மாறும்னு டாக்குமென்ட்லயே இருக்கே"ன்னு சொல்வாங்க. இருக்குதான். ஆனா ஃபங்ஷனைக் கூப்பிடறவன் முதல்ல பார்க்கிறது அந்த ஒரு வரியைத்தான். அதே பைத்தான்ல ஸ்ட்ரிங்கோட 'என்கோட்' ஃபங்ஷனுக்கு ஹெல்ப் கேட்டா, 'என்கோடிங் = யுடிஎஃப்-8'னு பளிச்சுனு சொல்லுது. மெஷினைப் பொறுத்து மாறும்னா அதையாவது வெளிப்படையா எழுதலாமே? 2021-ல வந்த 3.10-லேர்ந்து 'லொகேல்'னு நாமளே கொடுக்க முடியுது. அதையே அந்த வரியில போட்டிருந்தா ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் மண்டையை உடைச்சிருக்க மாட்டோம்.

என் கட்சி இதுதான்: டீஃபால்ட்டைக் காட்டினா மட்டும் பத்தாது, நிஜமான மதிப்பைக் காட்டணும். 'நன்'னு காட்டிட்டு உள்ள வேற ஒண்ணை எடுத்துக்கிறது, மறைக்கிறதைவிட மோசம். பார்த்துட்டோம்னு நம்மளை நம்ப வெச்சிடுது.

3.15-லேர்ந்து எல்லா இடத்துலயும் யுடிஎஃப்-8-தான்னு 2022-ல முடிவு பண்ணிட்டாங்க. நல்ல விஷயம். ஆனா பழைய பதிப்புகள் ஊரெல்லாம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். அதனால தமிழ் ஃபைலைத் தொடறவங்க என்கோடிங்கை நீங்களே எழுதிடுங்க சாமி!

டிஸ்கி: நண்பர் இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கார்.