கல்யாணத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

2001-ல் தங்கச் சுரங்கம் மூடியபின், ஸ்கெலட்டன் பகுதியில் நம்மவர் பலர் விடியற்காலை ரயிலேறி பெங்களூரில்தான் பிழைக்கிறார்கள். கல்யாண வேலை பார்க்க மிஞ்சுவது ஞாயிறு ஒன்றே. ஆகவே, முகூர்த்தம் குறித்த அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். சத்திரம், சமையல், பந்தல் ஒவ்வொன்றுக்கும் பேசிய தொகை, கொடுத்த முன்பணம், பாக்கி மூன்றையும் எழுதுங்கள். ரயிலில் முன்பதிவு 60 நாள் முன்பே தொடங்குகிறது. வெளியூர் உறவினருக்கு அதற்கு முன்பே தேதியைச் சொல்லிவிடுங்கள்.

மொய் எழுதத் தவறாத நாம், பெண்ணுக்குப் போட்ட நகையையும் பாத்திரத்தையும் எழுதுவதில்லை. அன்பளிப்புகளைப் பட்டியலிட்டு, மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்கின்றன வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் 1985-ம் ஆண்டு விதிகள். நாளை தகராறு வந்தால் பெண்ணுக்கு அதுவே சாட்சி.

மனக்கணக்கில் நடத்தும் கல்யாணம் வட்டிக்கடை வாசலில்தான் போய் நிற்கும்!